கொழுந்து மடுவம் வரை நூறு மீட்டர்

வெள்ளி, காலை 5.55

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதையில் 292 கிலோமீட்டர். அத்தனை தூரமும் நாங்கள் போவது வெறும் நூறு மீட்டருக்காக. ஓடப் போகிறவள் என் மனைவி நிரோஷா. பை தூக்கப் போகிறவன் நான். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த பதவி உயர்வையும் சொல்லிவிடுகிறேன்: முதலில் ஒரு பை, இப்போது மூன்று.

முதல் பையில் அவளுடைய முள் வைத்த ஓட்டச் சப்பாத்து. இரண்டாவதில் தைலம், கட்டுத்துணி, மாற்றுடை. மூன்றாவது என்னுடையது. அதில் ஐம்பது மீட்டர் டேப் ஒன்று சுருண்டு கிடந்தது. கொழும்பில் கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் அளவெடுக்கிற வேலை எனக்கு. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னால் சமையலுக்குக் குசினி ஒன்று இறக்க வேண்டும், "வரும்போது டேப்பக் கொண்டாந்துருங்க மாப்பிள்ள" என்று மாமனார் போனில் சொல்லியிருந்தார்.

நிரோஷா சம்பளத்துக்கு ஓடுகிறவள். ஒரு நிறுவனத்தின் அணியில் எட்டு வருடமாக இருக்கிறாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு தொடங்கி, மாகாணம், தேசியம் என்று ஏறி, அஞ்சலோட்டத்தில் நாட்டுக்காக இரண்டு முறை விமானமும் ஏறியிருக்கிறாள். எனக்கு இன்னும் கடவுச்சீட்டே கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய தொடைத் தசை கிழிந்தது. இப்போது வயது இருபத்தொன்பது. நிறுவனத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது: ஞாயிற்றுக்கிழமை பதுளைப் போட்டியில் பன்னிரண்டு நொடிக்குள் ஓட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த மாதம் முதல் அவளுடைய இடம் வேறொருவருக்கு.

ரயிலில் நூறு ரூபாய்க்கு வடைப் பொட்டலம் வாங்கினேன். அவள் தொடவில்லை. பயணம் முழுக்க ஜன்னலைப் பார்த்தபடி வலது தொடையை நீவிக்கொண்டே வந்தாள்.

வெள்ளி, பிற்பகல் 2.40

வண்டி ஒரு மணி நேரம் பிந்தித்தான் பண்டாரவளைக்கு வந்தது. அங்கே துணிக்கட்டோடு ஏறிய ஒரு முஸ்லிம் அண்ணன், எங்கள் வழக்கில் நானா, எங்களுக்கு எதிரே உட்கார்ந்தார். பதுளை பஜாரில் சப்பாத்துக் கடை வைத்திருக்கிறவர். எல்ல தாண்டும் வரை நிரோஷாவையே உற்றுப் பார்த்தவர், கடைசியில் கேட்டேவிட்டார்.

"தங்கச்சி, நீங்க அந்த ஓடுற புள்ள தானே?"

அவள் சிரித்தாள்.

"ஒங்கட மொத சப்பாத்து நம்ம கடையில எடுத்தது. ஒங்கப்பா வந்து, காலுக்குச் சரியா இருக்கிறது வேணாம், ஒரு சைஸ் கூடத் தாங்கன்னு ஒத்தக் கால்ல நின்னாரு. நா சொல்லிப் பாத்தேன், மனுசன் கேட்டாத்தானே!"

"பஞ்சு அடைச்சுத்தான் ஓடுனேன் நானா" என்றாள் அவள்.

பிறகு நானா என் பக்கம் திரும்பி அவளுடைய ஓட்டத்தை எனக்கே விளக்கத் தொடங்கினார். நானும் தெரியாதவன் மாதிரி கேட்டுக்கொண்டேன், பெருமை யாருக்குக் கசக்கும்? அவர் சொன்னது உண்மைதான். நிரோஷா பாதித் தூரம் வரை முன்னால் இருக்கவே மாட்டாள். மற்றவர்கள் கோட்டைக் கண்டதும் நெஞ்சைத் தள்ளிக் கண்ணை மூடுவார்கள். இவள் கோடு இருப்பதே தெரியாதவள் போல நிமிர்ந்து ஓடிக்கொண்டிருப்பாள், அந்தக் கடைசிக் காலடிகளில் எல்லோரையும் பிடிப்பாள். ஒருமுறை அந்த வேகத்தில் போய் ஒரு படப்பிடிப்பாளரை மல்லாக்கச் சாய்த்ததும் உண்டு. பயிற்சியாளர்கள் எவ்வளவோ கேட்டும், இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

நாங்கள் ஹாலிஎலயில் இறங்கும்போது நானா கையை உயர்த்தினார். "ஞாயித்துக்கிழம கடைய மூடிட்டு வாறேன், இன்ஷா அல்லாஹ்."

அங்கிருந்து நிரோஷா பிறந்த தோட்டத்துக்கு மேலே ஆறு கிலோமீட்டர். பாதை இருக்கிற இருப்புக்கு முச்சக்கர வண்டிக்காரர் ஆயிரத்து இருநூறு கேட்டார், வண்டியைப் பார்த்து இரக்கப்பட்டுக் கொடுத்தேன். தோட்டத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்று கொஞ்சத்தில் தெரியும். மேல் பிரிவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சனி, காலை 6.15

நிரோஷாவுக்கு ஒரு வழக்கம். பெரிய போட்டி எதற்கும் முன்னால் இங்கே வந்து தன்னுடைய பழைய நூறு மீட்டரை ஒருமுறை முழு மூச்சாக ஓடிவிட்டுத்தான் போவாள். மாரியம்மன் கோயில் முன்னாலிருக்கும் மின்கம்பத்தில் தொடங்கி, கொழுந்து நிறுக்கிற மடுவத்தின் முதல் தூணில் முடிகிற தோட்டத்துப் பாதை அது. அவளுக்குப் பதினான்கு வயதில் அப்பா அளந்து, தூணில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தது. எத்தனையோ முறை ஓடியிருக்கிறாள், ஆனால் அங்கே யாரும் ஒருநாளும் நேரம் பிடித்ததில்லை. கடிதம் வந்துவிட்டதே, இந்த முறை பிடித்துப் பார்ப்போம் என்று நொடிகாட்டியை என் கையில் கொடுத்தாள்.

பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்கள் கூடையோடு பாதையின் இரண்டு பக்கமும் நின்றார்கள். கங்காணி பெயர் கூப்பிடுவதை நிறுத்தி வைத்துவிட்டார். பனிமூட்டத்தில் மின்கம்பம் அரைகுறையாகத் தெரிந்தது. மாமனார் துண்டைக் கீழே வீசினார், அவள் புறப்பட்டாள்.

அழகான ஓட்டம். அவள் தூணைத் தாண்டியதும் நொடிகாட்டியைப் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன்.

"எத்தனங்க?"

"ரோடு ஈரமா இருக்கு, அதனால…"

"எத்தனன்னு சொல்லுங்க."

"பன்னெண்டு புள்ளி மூணு."

சுற்றி நின்ற பெண்கள் கூடையைக் கீழே இறக்கினார்கள். அந்த எண்ணின் அர்த்தம் அவர்களுக்குத் தெரியாது, அவள் முகம் தெரிந்தது. கங்காணி மெல்லப் பெயர் கூப்பிடத் தொடங்கினார்.

வீட்டுக்குள் போனவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "காலு போயிருச்சுங்க. நாளைக்கு நா ஓடல. அஞ்சு மணிக்கு டீம் மேனேஜருக்கு போன் பண்ணிச் சொல்லிர்றேன். நம்ம சனத்துக்கு முன்னாடி தோத்துட்டு வரச் சொல்றீங்களா?"

எட்டு வருடம் ஓடிச் சம்பாதித்த பெயர், ஒரு தொலைபேசி அழைப்பில் முடியப் போகிறது. மாமியார் வைத்த தேத்தண்ணி அவள் பக்கத்தில் ஆறிக் கிடந்தது.

சனி, பிற்பகல் 3.00

குசினிக்கு அளவெடுத்தோம். பத்தடிக்கு எட்டடி. மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வேலை முடிந்தும் டேப்பைச் சுருட்ட எனக்கு மனம் வரவில்லை. எதைக் கண்டாலும் அளந்து பார்க்கிற கை இது. "மாமா, சும்மா ஒரு முனையப் புடிங்க" என்று பாதைக்கு இறங்கினேன்.

மின்கம்பத்திலிருந்து ஐம்பது. கல் வைத்தோம். மறுபடி ஐம்பது. டேப் முடிந்துவிட்டது, தூண் இன்னும் வரவில்லை. நான்தான் எங்கோ பிசகிவிட்டேன் என்று திரும்பவும் முதலிலிருந்து அளந்தேன். அப்போதும் தூண் சரியாக மூன்று மீட்டர் தள்ளியே நின்றது.

"மாமா! இது நூறு இல்ல. நூத்தி மூணு!"

"ஆமா" என்றார் அவர், இதில் என்ன அதிசயம் என்பது போல. "அது கழிவுக்கு மாப்பிள்ள."

"என்ன கழிவு?"

அவர் மடுவத்துத் தராசைக் காட்டினார். "இங்க பதினெட்டு கிலோ கொழுந்து போட்டா பதினஞ்சுன்னுதான் எழுதுவாங்க. சாக்குக்கு, ஈரத்துக்குன்னு வெட்டிருவாங்க. கொழுந்துலயே வெட்டுறவங்க தூரத்துல வெட்ட மாட்டாங்களா? பள்ளிக்கூட மாஸ்டர்கிட்ட நூறு மீட்டர் கயிறு வாங்கியாந்து அளந்தேன். டவுன்ல போயி இவ நூறுங்குறப்ப, அவங்க மூணை வெட்டுனாலும் பாக்கி நூறு நிக்கணும்ல? அதான் கூடப் போட்டேன்."

தோட்டத்தின் பெயரை நான் ஏன் எழுதவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். எனக்குச் சிரிப்பதா அந்த மனுஷனைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். வாழ்க்கையில் நான் ஓடிய ஒரே ஓட்டம் அதுதான்.

விஷயத்தைக் கேட்டதும் நிரோஷா எழுந்து உட்கார்ந்தாள். விரல் விட்டு எண்ணினாள். "மூணு மீட்டருன்னா எனக்கு புள்ளி மூணுக்கு மேல போகும்… அப்ப நா பன்னெண்டுக்கு உள்ளங்க! அதுவும் ரோட்டுல!"

பின்னாலேயே வந்து வாசலில் நின்ற மாமனாரைப் பார்த்தாள். "ஏம்ப்பா, பதினஞ்சு வருசமா ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கேக்கலயேம்மா."

அவள் சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு அழுகையாகி, மறுபடி சிரிப்பாகியது. "அடப்பாவி அப்பா! எல்லாரும் ஓடி முடிச்ச எடத்துல எனக்கு மட்டும் இன்னும் மூணு மீட்டர் பாக்கி இருந்துருக்கு. அதான் நா நிக்கவே இல்ல." ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "வேற போட்டுத் தாம்மா, இன்னும் கொஞ்சம் சீனி போட்டு" என்றாள். ஐந்து மணி வந்து போனது. யாரும் யாருக்கும் போன் பண்ணவில்லை.

ஞாயிறு, காலை 10.40

பதுளை மைதானத்துக்கு மேல் பிரிவு சனம் கொழுந்து லொறியில் வந்து இறங்கியது. நானா சொன்னபடியே வந்து, வரிசையில் இருந்த எல்லோருக்கும் கச்சான் கடலை வாங்கிக் கொடுத்தார். மாமனாரை மட்டும் காணவில்லை. தேடிப் பார்த்தால், மனுஷன் முடிவுக் கோட்டிலிருந்து எட்டு வைத்து அளந்து, மூன்று மீட்டருக்கு அப்பால் பாதை ஓரமாகத் துண்டோடு நிற்கிறார். ஓர் அதிகாரி சிங்களத்தில் விரட்டினார். மாமனாருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் ஒன்றும் புரியாதவர் மாதிரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

வெடி வெடித்தது. நிரோஷா மெதுவாகத்தான் கிளம்பினாள், அறுபதில் நான்காவது, எண்பதில் மூன்றாவது. முன்னால் போனவர்களுக்கு அவளை விடப் பத்து வயது குறைவு. கடைசியில் அவர்கள் கழுத்தை நீட்டிக் கோட்டைத் தேடினார்கள். இவள் கோட்டைப் பார்க்கவே இல்லை. அதற்கு அப்பால் நின்ற துண்டைப் பார்த்து நிமிர்ந்து ஓடிவந்து, எல்லோரையும் கடந்து, நேராக அப்பா மேலேயே போய் மோதினாள். இரண்டு பேரும் புல்லில் உருண்டார்கள். விரட்டிய அதிகாரியே ஓடிப் போய்த் தூக்கிவிட்டார்.

ஒலிபெருக்கி சொன்னது: முதலாவது நிரோஷா, பதினொன்று புள்ளி எண்பத்தேழு. எங்கள் லொறிக்காரர்கள் போட்ட கூச்சலில் மிச்சம் காதில் விழவில்லை. நான் அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. "இது என் பொஞ்சாதி" என்று பக்கத்திலிருந்த நானாவிடம் சொன்னேன். "தெரியும் தம்பி, நாலாவது தரமா சொல்றீங்க" என்றார்.

திங்கள், காலை 8.10

பதுளை ரயில் நிலையம். எட்டரை வண்டிக்குக் காத்திருக்கிறோம். பைகள் இப்போது ஐந்து, கூடுதல் இரண்டிலும் தேயிலையும் மாமியார் சுட்ட பலகாரமும்.

கொழும்பில் நிரோஷா பயிற்சி எடுக்கிற பாதை சிவப்பு ரப்பரில் போட்டது. வெள்ளைக் கோடு மில்லிமீட்டர் பிசகாது. தொழிலில் நானும் அப்படித்தான், ஓர் அங்குலம் கூடினாலும் கொத்தனாரைத் திட்டுவேன். ஆனால் மேல் பிரிவில் அந்தத் தூணை நகர்த்தட்டுமா என்று மாமனார் கேட்டபோது, வேண்டாம், இன்னொரு பூச்சுச் சுண்ணாம்பு அடியுங்கள் என்றேன்.

வழியனுப்ப வந்த மாமனார் மேடையில் நின்றபடி, நிறுவனத்துக்குக் கொடுப்பதற்காக வாங்கி வந்த முடிவுத் தாளைக் கேட்டார். நேற்று ஒலிபெருக்கியில் கேட்டது அவருக்குப் போதவில்லை. மடுவத்தில் முப்பது வருடம் நின்றவர், வாயால் சொல்வதை நம்ப மாட்டார், எழுதியதைத்தான் பார்ப்பார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எண்ணின் மேல் விரல் வைத்து இரண்டு முறை வாசித்தார்.

"நீ ஓடுனதுல எவ்வளவு வெட்டுனாங்க?"

நிரோஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணும் வெட்டலப்பா. முழுசா எழுதியிருக்காங்க."