ஆடிப்பெருக்குக்கு முன்னால் ஒரு ஃபார்மட்

பழைய கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் ஏற்றும் தொழிலில் கால்வாசிதான் வேலை, முக்கால்வாசி காத்திருப்பு; அந்த நேரம் பார்த்து வாடிக்கையாளர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ‘இன்னும் 39 நிமிடம்’ என்று திரை சொன்னதை நம்பி டீ குடித்துவிட்டு வந்து, மறுபடியும் அதே 39-ஐப் பார்த்த சக பாவிகளே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

நேரம் பார்த்தல்

சிவகாசியில் ஒரு காலண்டர் கம்பெனி. ஆடிப்பெருக்கன்று அடுத்த வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்தை வெளியிட்டாக வேண்டும். அன்று ஆல்பம் இல்லாவிட்டால் ஏஜென்டுகள் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்கள், ஆர்டரும் அவர்களோடு போய்விடும். அதற்கு இரண்டு நாள் இருக்கும்போது வைரஸ் வந்து கம்ப்யூட்டர் படுத்துவிட்டது, என்னைக் கூப்பிட்டார்கள். தினசரிக் காலண்டரின் தாள் முழுவதையும் அங்கே டைப் அடித்த ஜெரினா, எல்லாம் டி டிரைவில் இருக்கிறது, சி-யை அழிக்கலாம் என்றார்.

நான் சிடியைப் போடப் போனேன். முதலாளி அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். ராகுகாலம் முடிய வேண்டுமாம். சுவரில் தொங்கிய அவர் கம்பெனிக் காலண்டரைப் பார்த்து, முடிந்துவிட்டதே என்றேன். அவர் எழுந்துபோய் எதிர் டீக்கடையில் தொங்கிய வேறு கம்பெனிக் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நம்மளத நம்பாதீக தம்பி. அத அவசரத்துல அடிச்சது நாமதான்.”

புது பாஷை

விண்டோஸ் நல்லபடியாக ஏறியது. ஜெரினா ஜனவரி முதல் தாளைத் திறந்தார். நல்ல நேரம், சூலம், ராசிபலன் எல்லாம் கொக்கியும் புள்ளியுமாக நின்றன. தாள்கள் டி-யில் பத்திரமாகத்தான் இருந்தன. அவற்றைத் தமிழாகக் காட்டும் ஃபாண்ட்டுகள் மட்டும் சி-யில் இருந்து, சி-யோடு போய்விட்டன. ஃபாண்ட் சிடி எப்போதோ காணாமல் போயிருந்தது.

அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா இந்தப் பாஷ பேசுற ஊர்ல நமக்கு ஏஜென்டு கிடையாதே தம்பி.”

இரும்புக்குத் தடை

ஏழாயிரம்பண்ணையில் அண்ணாச்சியின் மச்சானுக்குப் பட்டாசு ஆலை. பெட்டி லேபிள் அடிக்க அந்த ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் அதே ஃபாண்ட்டுகளைத் தான் ஏற்றிக் கொடுத்தது ஜெரினாவுக்கு ஞாபகம் வந்தது. பஸ் பிடித்து ஓடினேன். அங்கே ஃப்ளாப்பி டிரைவ் வேலை செய்யவில்லை என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கையே கழற்றி எடுத்து வர வேண்டும்.

கேட்டில் வாட்ச்மேன் ஆணி அடித்த என் செருப்பைக் கழற்றச் சொன்னார், ஸ்க்ரூ டிரைவரையும் வாங்கி வைத்துக்கொண்டார். இரும்பு உரசினால் பொறி வரும், உள்ளே விடமாட்டாராம். வேறு வழியில்லாமல் மேஜை டிராயரின் பித்தளைச் சாவியால் ஒவ்வொரு திருகாகத் திருகினேன். விரல் நுனி கன்றிப்போனது. திரும்பும்போது எரிச்சலில் கேட்டேவிட்டேன், கம்ப்யூட்டர் பெட்டியே இரும்புதானே, அதை எப்படி விட்டீர்கள் என்று.

“அது உள்ள போன அன்னைக்கு நான் லீவு தம்பி.”

பலன்

டிஸ்க்கை மாட்டி ஃபாண்ட்டுகளை ஏற்றியதும் கொக்கிகள் மறைந்து தமிழ் வந்தது. கோடை முழுக்க உட்கார்ந்து அடித்த தாள்களை ஜெரினா ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. ஆடிப்பெருக்கன்று ஆல்பம் மேஜையில் இருந்தது, ஏஜென்டுகளும் ஆர்டர் கொடுத்தார்கள். ஒரு நன்றியாவது கிடைக்கும் என்று ஜெரினாவின் மேஜைப் பக்கம் போய் நின்றேன். அவர் ராசிபலனைத் திறந்து, கீபோர்டில் கையை வைத்தபடியே கேட்டார்.

“உங்க ராசி எதுண்ணே? வருசம் பூரா ‘சிரமம்’னு போட்டு விட்டுர்றேன்.”

விண்டோஸ் ஏற்றத் தெரிந்தவனுக்குச் சிவகாசியில் வேலை கிடைக்கும், ராசியைச் சொல்லாதவனுக்குத்தான் நிம்மதி கிடைக்கும்.