கார்மென் அம்மாவுக்காகப் படித்த ஸ்பானிஷ்

வீட்டோடு நோயாளி பார்க்கும் நர்ஸ் வேலையில் ஊசி போடுவது சுலபம். எங்கே வலிக்கிறது என்று கேட்பதுதான் பாடு. இந்தப் பிழைப்பில் இருக்கும் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மலையாளம், இந்தி, கொஞ்சம் அரபி என்று நோயாளிக்கு ஒரு மொழியாகப் பொறுக்கிக்கொள்கிறவர்கள்தானே நாம்? எனக்கு ஸ்பானிஷ் வாய்த்தது.

பானு யார்?

துபாயில் ஸ்பெயின்காரர் ஒருவர் வீடு. அவருடைய அம்மா கார்மெனுக்கு எண்பத்திரண்டு வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்ததோடு, பேசிக்கொண்டிருந்த இங்கிலீஷும் போய்விட்டது. தாய்மொழி மட்டும் மிச்சம். நான் டியூட்டியில் சேர்ந்த முதல் நாள், மகன் ஹாவியேர் ஆபீஸ் போனபிறகு, என்னைப் பார்த்து "பான்யோ, பான்யோ" என்றார். எனக்கு முன்னால் இருந்த நர்ஸ் பேர் பானு போலிருக்கிறது என்று நினைத்து, "பானு இல்லம்மா, ஸ்டெல்லா" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் திரும்பத் திரும்பச் சிரித்தேன்.

கடைசியில் படுக்கை நனைந்தது. துணி மாற்றும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டார். சாயங்காலம் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். தோள் பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"அது பேர் இல்ல, சிஸ்டர். அம்மா பாத்ரூம் கேட்டிருக்காங்க."

புத்தகத்தில் நோயாளி இல்லை

மறுவாரமே ஹாவியேர் என்னைக் கராமாவில் ஒரு மொழிப் பள்ளியில் சேர்த்துவிட்டார். வாரம் மூன்று சாயங்காலம். கீழே தோசைக்கடை, மேலே ஸ்பானிஷ். எதற்காகப் படிக்கிறீர்கள் என்று டீச்சர் லூசியா ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர் டூர் போக, இன்னொருவர் கால்பந்து பைத்தியம். கீழக்கரைக்காரர் ஜமால் பாய்க்கு ஸ்பெயினிலிருந்து டைல்ஸ் இறக்க வேண்டும். "ஒரு நோயாளிக்காக" என்றேன் நான்.

பாடமெல்லாம் காபி கேட்பதும் ரயிலடிக்கு வழி கேட்பதும்தான். எனக்கு வேண்டியதோ "திருப்பிப் படுக்க வைக்கட்டுமா?", "மூச்சு முட்டுதா?" வகுப்பு முடிந்ததும் லூசியா அவற்றை என் நோட்டில் தன் கையாலேயே எழுதித் தந்தார். பிறகு பாடப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இதுல கடைசிப் பாடம் வரைக்கும் ஒருத்தருக்கும் உடம்புக்கு வராது, ஸ்டெல்லா."

இறந்தகாலம்

கார்மென் அம்மாவுக்குச் சில நாள் தெளிவு, சில நாள் மறதி. மறதி நாட்களில் "ஆந்த்ரேஸ் எங்கே?" என்று கேட்பார். அது அவர் கணவர். போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. பதில் சொல்லத் தெரியாமல் தலையை ஆட்டிவைப்பேன். இறந்தகாலம் படித்த மறுநாள் அவர் அதையே கேட்டார். மனதுக்குள் வாக்கியத்தைச் சரிபார்த்து, ஒரு பிழையில்லாமல் சொன்னேன்: "அவர் இறந்துவிட்டார்."

அவருக்கு அது அன்றைக்கு வந்த செய்தி. நல்ல இடது கையால் மார்பில் அடித்துக்கொண்டார். அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்து, ஆந்த்ரேஸ் எங்கே என்றார். வெளியே போயிருக்கிறார் என்றேன். வகுப்பில் இதைச் சொல்லி அழுதுவிட்டேன். ஜமால் பாய் டிஷ்யூவை என் பக்கம் தள்ளினார்.

"படிச்ச மறுநாளே அதைச் சொல்லித் தொலைக்கணுமா, தங்கச்சி?"

சொல்லாதே

ஆறாம் மாதம், தெளிவாக இருந்த ஒரு மத்தியானம், கார்மென் அம்மா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தார். கல் மாதிரி ஏதோ தட்டுப்பட்டது. எத்தனை நாளாக என்றேன். ரொம்ப நாளாக என்றார். "அவனிடம் சொல்லாதே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போவான். குழாய் செருகுவார்கள். இந்த ஜன்னல் பக்கமே என்னை விட்டுவிடு, மகளே." ஒரு சொல்லுக்குக்கூட நான் நோட்டைப் பார்க்கவில்லை. அத்தனையும் புரிந்தது.

நான் நர்ஸ். மறைக்க எனக்கு உரிமை இல்லை. நீங்களாக இருந்தாலும் சொல்லியிருப்பீர்கள். ஹாவியேர் வந்ததும் சொன்னேன். அன்றே ஆம்புலன்ஸ் வந்தது. அம்மா பயந்தபடியே மூக்கில் குழாய். பிடுங்கிவிடுவார் என்று இடது கையைக் கட்டிலோடு கட்டினார்கள். நான் பார்க்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"நான் சொன்னது உனக்குப் புரிஞ்சுதுதானே?"

கடைசியாக என்ன சொன்னார்?

ஒன்பதாம் நாள் போய்விட்டார். அதற்குள் பேச்சு நின்றிருந்தது. சுவரைப் பார்த்துக் கேட்டதுதான் என்னிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு. சவப்பெட்டியை ஊருக்கு அனுப்பக் காகிதங்களோடு அலைந்து திரிந்த ஹாவியேர், ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அம்மா கடைசியாக ஏதாவது சொன்னாரா என்றார். அவர் கண்ணைப் பார்த்தேன்.

"உங்களைப் பத்திரமா இருக்கச் சொன்னாங்க" என்றேன்.

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்லவேளை, நீங்க ஸ்பானிஷ் படிச்சீங்க, சிஸ்டர்."

பள்ளிக்கூடம் தந்த சான்றிதழில் கேட்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனியாக மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்கு மட்டும் ஒருவரும் பரீட்சை வைக்கவில்லை.