லிஸ்ட் காலியானால் லீவு

ஸ்டோரேஜ் வேலை என்பது ஊரார் ஃபைல்களுக்குக் காவல் இருந்துகொண்டு, சொந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போக முடியாமல் தவிக்கிற வேலை. கறுப்புத் திரையே கதியென்று கிடக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஒரு வரிக் கமாண்ட்

எங்கள் ஆபீஸ் ஹெப்பாளில். சர்வர்களுக்கு என்ன உபாதை என்று கேட்க ஒரு கமாண்ட் இருக்கிறது. அடித்து எண்டர் தட்டினால் போதும்; எந்த டிஸ்க் நிரம்பிவிட்டது, எது சூடாகிவிட்டது, எது பதிலே பேசவில்லை என்று புகார்ப் பட்டியல் வந்து விழும். கல்யாண வீட்டில் எங்கள் அத்தைகூட இத்தனை சரளமாகக் குறை சொன்னதில்லை.

விஜயதசமிக்கு எங்கள் ஊர் ராமாபுரத்தில் எனக்கு நிச்சயதார்த்தம். லீவு கிடைக்காமல் ஏற்கெனவே தள்ளிப்போனது. "பொண்ணுக்கு இஷ்டமில்லையோ" என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது, அதனாலேயே பயமாகவும் இருந்தது. மேனேஜர் நாகராஜ் சாரிடம் போய் நின்றேன். கன்னடக்காரர், என்னிடம் மட்டும் தமிழ் பேசுவார். "லிஸ்ட் காலி காட்டும்மா, லீவு தர்றேன். ஒரு அலர்ட் நின்னாலும் லீவு இல்லா."

மஞ்சுவின் வைத்தியம்

பக்கத்து சீட் மஞ்சுநாத்துக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. கோளாறைச் சரிசெய்யாமல் அலர்ட்டின் வாயை மட்டும் மூடுகிற கமாண்டும் ஒன்று உண்டு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அவன் எல்லாவற்றையும் மியூட் பண்ணிவிட்டான். லிஸ்ட் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நானும் பேக்கு மாதிரி சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு ஏக சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் மதியச் சாப்பாடு வரைக்கும்தான். எங்களிடம் பில்களைச் சேமித்துவைக்கும் தேவராஜ மொஹல்லா பேட்டையில் உள்ள மளிகை மண்டியின் கணக்கர் போன் செய்தார். அவர்கள் இடம் நிரம்பி, காலையிலிருந்து போட்ட பில் ஒன்றுகூடப் பதிவாகவில்லையாம். "எங்க லிஸ்ட்ல ஒண்ணுமே இல்லையே சார்" என்றேன் பவ்யமாக. "எங்க கம்ப்யூட்டர்லயும் ஒண்ணுமே இல்லைங்க மேடம், ரெண்டு பேரும் உக்காந்து பஜனை பண்ணலாமா?"

செவந்தி மாலை

மியூட்டையெல்லாம் எடுத்துவிட்டு, மஞ்சுவைத் திட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். ஆயுத பூஜை காலையில் லிஸ்ட் நிஜமாகவே காலி. பூஜை முடிந்ததும் ஒருதரம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாக சார் சொன்னார்.

சார் பெரிய பக்திமான். மார்க்கெட்டிலிருந்து தடிமனான செவந்தி மாலை வாங்கிவந்து சர்வர்கள் அடுக்கிய நடு ரேக்கின் முகப்பில் சுற்றிச் சுற்றித் தொங்கவிட்டார். காற்றில் கற்பூரம் அணைகிறதென்று ஏசியையும் நிறுத்தச் சொன்னார். மங்களாரத்தி நடக்கும்போதே ஓடிப்போய்க் கமாண்டை அடித்தால் சூடு, சூடு என்று பக்கம் நிறைய விழுந்தது. ஏசி போட்டதும் மற்றவை அடங்கின. மாலை போட்டுக்கொண்ட ரேக் மட்டும் அடங்கவே இல்லை. அது மூச்சு இழுக்கிற வழியை முழுக்கப் பூ அடைத்திருந்தது.

பூஜையில் போட்ட மாலையைத் தொடவே மாட்டேன் என்று மஞ்சு ஒதுங்கிவிட்டான். எனக்கோ ஊருக்குப் போகிற பஸ் தவறிவிடும்போல் இருந்தது. ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "சார், இந்தத் தடவை என் நிச்சயத்தைத் தடுக்கிறது நீங்க போட்ட மாலைதான்" என்றேன், எல்லார் முன்னாலும்.

சார் திரையை எட்டிப் பார்த்தார். பிறகு ரேக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாலையைத் தானே கழற்றி என் கையில் கொடுத்தார். "கொண்டு போம்மா, நாளைக்கு எப்படியும் ஒண்ணு வேணும்ல, கம்பெனிச் செலவுதான்."

அந்தச் சூட்டு மாலையைத்தான் மறுநாள் மாப்பிள்ளை கழுத்தில் போட்டேன். இதுவரை அங்கிருந்து ஒரு அலர்ட்டும் வரவில்லை, வந்தாலும் மஞ்சுவிடம் யோசனை கேட்பதாக இல்லை.