பொறுமை வேண்டாம், கப்பல் வேண்டும்

எனக்குக் கல்யாணம் ஆனது நாற்பத்தொன்றாம் வயதில். அதற்குள் கையில் கிடைத்த புத்தகங்களையெல்லாம் படித்து முடித்திருந்தேன், குடியேற்றச் சட்டத்தைத் தவிர. 1997 பிப்ரவரியில், அமெரிக்காவில் நிரந்தரமாகத் தங்குவதற்கான கிரீன் கார்டு வந்தது. ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு ஊருக்குப் பறந்தேன். மே மாதம், பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்த கிரேஸுக்குத் தாலி கட்டினேன். ஜெர்சி சிட்டிக்குத் திரும்பியதும் கூட வேலை பார்க்கும் நண்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

"என்ன சார் இப்படிப் பண்ணிட்டீங்க! கார்டுக்கு முன்னாடி மேரேஜ் பண்ணியிருந்தா மேடமும் கூடவே வந்திருப்பாங்க. இப்போ தனியா அப்ளை பண்ணி க்யூல நிக்கணும். நாலஞ்சு வருஷம் ஆகும்."

மூன்று மாதத் தாமதம். ஜூலையில் மனு போட்டேன். விசிட்டர் விசாவும் மறுக்கப்பட்டது. புருஷன் அங்கே இருந்தால் இவள் எப்படித் திரும்புவாள் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான், அவள் திரும்பியிருக்கமாட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் ஊருக்குப் போவேன். வருடத்தில் மீதி ஐம்பது வாரம் ஜெர்சி சிட்டி வீட்டில் தனியாக. அவள் ஒரு நாளும் வந்திராத அந்த வீட்டில், அவளுக்கென்று ஜன்னலோரம் ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். அதில் நான் உட்காருவதில்லை. துணி காயப்போடுவேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை தேவராஜ் அங்கிள் வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். மிஷனரிகள் வாழ்க்கையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவது என் பொறுப்பு. முடிந்ததும் அங்கிள் என் தலையில் கை வைத்து, "ஆண்டவரே, தம்பிக்குப் பொறுமையைத் தாரும்" என்று ஜெபிப்பார். நானும் அதையேதான், இன்னும் நல்ல தமிழில், தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக் கேட்க இருந்த பொறுமையும் போயிற்று.

1999 அக்டோபரில், அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்துக்குக் கப்பலேறி வந்த ஒரு மிஷனரியைப் பற்றிப் பேசினேன். பெயர் வேண்டாம், அவருக்கு ஏற்கெனவே போதுமான புகழ் இருக்கிறது. "ஊழியத்துக்காக மனைவியையே விட்டுவிட்டு வந்தார்!" என்று குரல் தழுதழுக்கச் சொன்னேன். இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அந்தப் பெருமையை மறுநாள் போனில் கிரேஸிடம் அளந்தேன்.

"அந்த அம்மா பேரு என்ன?" என்றாள்.

"எந்த அம்மா?"

"விட்டுட்டு வந்தாருன்னு சொன்னியள்லா, அவிய."

எனக்குத் தெரியவில்லை. நானூறு பக்கப் புத்தகத்தில் அந்த அம்மாளுக்கு ஒரே ஒரு வரி. அதிலும் பெயர் இல்லை.

"நாளைக்கு ஒங்க சரித்திரத்த எவனாச்சும் எழுதுனா, எனக்கும் அந்த ஒரு வரிதானா?"



அடுத்த வாரம் ஆற்றுக்கு அடியில் ஓடும் ரயிலேறி மன்ஹாட்டன் நூலகத்துக்குப் போனேன். அந்த மிஷனரியின் பழைய கடிதத் தொகுப்பு இருந்தது. கடைசியில், பிற்சேர்க்கையாக, அந்த அம்மாள் எழுதிய ஒரே கடிதம். பெயர் ஹன்னா. அதில் எழுதியிருந்தது இதுதான்: இங்கே எல்லோரும் எனக்குப் பொறுமை வேண்டி ஜெபிக்கிறார்கள். எனக்குப் பொறுமை வேண்டாம், கப்பல்தான் வேண்டும்.

அதைப் போனில் படித்துக் காட்டினேன். கிரேஸ் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

"நாமளும் அப்படியே கேப்பமா?" என்றாள்.

கேட்டோம். "ஆண்டவரே, கப்பல்." அவ்வளவுதான். அதுவரை நான் செய்த ஜெபங்களிலேயே அது ஒன்றுதான் என்னுடைய ஜெபம்.

"அவியளுக்குக் கப்பல் வந்துச்சா?"

"நான் இன்னும் அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கல."

பொய். கடிதத்துக்குக் கீழேயே குறிப்பு இருந்தது. கப்பலேறாமலே ஹன்னா காலமாகிவிட்டாள்.

பதினான்கு மாதம் அந்த ஒரே ஜெபம். 2000 டிசம்பரில் புதிய சட்டம் வந்தது: மனுப் போட்டு மூன்று வருடம் காத்திருந்தவர்கள், மீதிக் காலத்தை இங்கேயே வந்து காத்திருக்கலாம். எங்கள் மனுவுக்கு மூன்று வருடம் முடிந்திருந்தது. எங்கள் இரண்டு பேருக்காக ஒரு தேசத்தின் சட்டத்தைக் கர்த்தர் மாற்றினார் என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. கேட்டோம், வந்தது. அதைச் சொல்லாமலிருக்கவும் துணிச்சல் இல்லை.

2001 ஆகஸ்டில் நெவார்க் விமான நிலையத்தில் கிரேஸ் வந்து இறங்கினாள். கார் ஃப்ரீவேயில் ஏறியதும் கேட்டாள்.

"இப்ப சொல்லுங்க. ஹன்னாம்மாவுக்குக் கப்பல் வந்துச்சா?"

"இல்ல."

தூரத்தில் துறைமுகம் தெரிந்தது. அதைக் கடக்கும்வரை அங்கே நின்ற கப்பல்களையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அன்னைக்கே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"சொல்லியிருந்தாலும் நான் கப்பலத்தான் கேட்டிருப்பேன்" என்றாள்.

இன்னும் காத்திருக்கிற சகோதர சகோதரிகளே, ஹன்னாவுக்கு வராத கப்பல் எங்களுக்கு ஏன் வந்தது என்று எனக்குத் தெரியாது. நான் அவளைவிடப் பரிசுத்தவான் அல்ல. கிரேஸிடம் விசாரித்தால் தெரியும். ஆனால் வேண்டியதை வேண்டும் என்று கேட்டதற்காக ஆண்டவர் எங்களைக் கோபித்துக்கொள்ளவில்லை. பொறுமை வேண்டுமானால் பொறுமையைக் கேளுங்கள். கப்பல் வேண்டுமானால் கப்பல் என்றே கேளுங்கள். கேட்கும்போது ஹன்னாவையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலோர நாற்காலியில் இப்போது துணி காய்வதில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.