நான்கு விரல் தூரம்

அவன் படம் வெளியானால் எங்கள் ராயபுரத்தில் எல்லோரும் கதையைப் பார்ப்பார்கள். நான் அவன் முஷ்டிக்கும் எதிராளியின் தாடைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார்ப்பேன். கைப்பேசியில் நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓட்டிப் பார்ப்பேன். என் மனைவி அதைப் பைத்தியக்காரத்தனம் என்பாள். ஆனால் குத்துச்சண்டைக் கூடத்தில் எட்டு வருஷம் அவனோடு பழகி, அந்தக் கையால் அடி வாங்கியவன் நான். அது இப்போதும் அதே கைதானா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முதல்முதலாக சினிமாவில் அடியாள் கூட்டத்தில் ஒருவனாக நடிக்கப் போனபோது அவன் நிஜமாகவே அடித்துவிட்டான். வாங்கிய ஆளுக்குப் பல் போயிற்று. “இங்க அடிக்கிறவனுக்கு வேலை இல்லப்பா. அடி வாங்குறவனுக்குத்தான் வேலை” என்று ஃபைட் மாஸ்டர் விரட்டாத குறை. அதன்பிறகு மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று, முகத்துக்கு நான்கு விரல் தள்ளிக் கையை நிறுத்தப் பழகினான். அந்தப் பழக்கம்தான் அவனைத் தூக்கிவிட்டது. அடியாளாக இருந்தவன் வில்லனின் வலது கை ஆனான், அப்புறம் நாயகனே ஆகிவிட்டான். நான் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டப் போனேன்.

இந்த வருஷம் எங்கள் கூடத்தின் ஆண்டு விழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார்கள். கல்மண்டபம் பக்கத்தில் ஒரு மைதானம், நடுவில் கயிறு கட்டிய மேடை. பொன்னாடை போர்த்தும்போதே கூட்டத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“கயித்துல தொங்கிக்கினு அடிக்கிற சினிமாக் குத்துதானே நைனா!”

எல்லோரும் சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. பொன்னாடையைக் கழற்றிப் போட்டுவிட்டு என்னைத் தேடினான்.

“கிளவுஸ் மாட்டு மாமு. மூணு ரவுண்டு.”

பொய் சொல்வானேன், எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது.

முதல் குத்து வந்தது. வேகத்தில் குறை இல்லை, காற்று கன்னத்தில் அடித்தது. கை மட்டும் படவில்லை. இரண்டாவதும் அப்படியே. பாவம் பார்க்கிறான் என்று எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. சிநேகிதனுக்காக அடியைக் குறைப்பது எங்கள் கூடத்தில் அவன் அம்மாவைத் திட்டுவதைவிட மோசம்.

“இன்னாடா, தடவிக் குடுக்கிறியா? அடிடா!”

பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான். நான்கு விரல். மறுபடி வீசினான். நான்கு விரல். அப்போதுதான் அவன் கண்ணைப் பார்த்தேன். அவன் அடிக்கத்தான் பார்க்கிறான், கைதான் நின்றுவிடுகிறது. பயந்துபோயிருந்தான்.

கூட்டம் முணுமுணுக்கத் தொடங்கியது. பிறந்து வளர்ந்த ஜனத்தின் முன்னால் கேவலப்பட்டால் அப்புறம் இந்தப் பக்கமே தலைகாட்ட மாட்டான். ஆகவே அடுத்த குத்துக்குத் தலையை வெட்டித் திருப்பிக்கொண்டு பொத்தென்று விழுந்தேன். அதுவரை நான் மேடையில் விழுந்ததே இல்லை. அவன் படங்களைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறேன் போலும். விசில் பறந்தது.

நடுவரை விலக்கிக்கொண்டு அவன் என் காதருகே குனிந்தான்.

“எந்திரி. காசு வாங்கிக்கினு எங்கிட்ட வுழறவங்க நெறைய பேரு கீறாங்க. நீ வாணாம் மாமு.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எழுந்தேன். அவன் மறுபடி வீசிய கை வழக்கம்போல் பாதியில் நின்றபோது, என் இடது கையை முழுசாக விட்டேன். தாடையில் இறங்கியது. எனக்கே மணிக்கட்டு வரை வலித்தது. அவன் மேடையில் உட்கார்ந்துவிட்டான்.

ஓடிப்போய் அவன் முகத்தைப் பிடித்தேன். உதட்டில் ரத்தம்.

“வலிக்குதாடா?”

“வலிக்குது மாமு” என்றான். இத்தனை வருஷத்தில் அவன் முகத்தில் நான் பார்க்காத சந்தோஷம். “எவ்ளோ நாளாச்சு, ஒருத்தனும் என்னெத் தொடவே மாட்டேன்றாங்க.”

அத்தனை பேர் பார்க்க, நான்தான் அழுதேன்.