கிரகணத்தன்று வாணியம்பாடியில்

ஜவ்வாது மலையில் டீச்சராக இருந்த வருஷங்களில், மாதத்துக்கு ஒரு தடவை சாமான் வாங்க வாணியம்பாடிக்கு இறங்குவேன். விடிகாலையில் கிளம்பி ஒற்றையடிப் பாதையில் நடந்தால் ஆலங்காயம். அங்கிருந்து பஸ். எழுபதுகள் முடிந்து எண்பது பிறந்திருந்த சமயம், மாசி மாதத் தொடக்கம். அந்தத் தடவை என்னோடு பக்கத்து வீட்டுக்காரியும் வந்தாள்.

அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிற குடும்பத்தில் வாக்கப்பட்டவள். தலைப்பிள்ளை வயிற்றில், அஞ்சாம் மாதம். ஆலங்காயம் சந்தையைத் தாண்டி அவள் எங்கேயும் போனதில்லை. முன்பு ஒரு தடவை நான் வாங்கி வந்த பன்னில் பாதியை அவளுக்குக் கொடுத்திருந்தேன். அதைச் செய்கிற கடையிலேயே உட்கார்ந்து சுடச்சுட ஒன்று தின்ன வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மாமியாரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கிவிட்டாள். ஆனால் பன்னைவிட ஊரைப் பார்க்கிற ஆசைதான் பெரிது என்பது வழியெல்லாம் அவள் கேட்ட கேள்விகளில் தெரிந்தது.

"அங்க எந்நேரமும் கூச்சலாவே இருக்குமாமே, டீச்சரு? ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்காதாமே?"

"பஸ் ஸ்டாண்டுல இறங்கினதும் நீயே பாரு. காதைப் பொத்திக்குவே," என்றேன்.

எனக்கு வேலைகள் நிறைய இருந்தன. மூக்குக்கண்ணாடியின் காம்பு ஒடிந்து நூல் சுற்றி வைத்திருந்தேன். தைக்கக் கொடுத்த ரவிக்கைகளை வாங்க வேண்டும். ரேடியோவுக்கு செல் போட வேண்டும். அது ஊமையாகிப் பல நாளாகியிருந்தது. பேப்பரும் மலைக்கு வராது. ஆக, கீழே உலகத்தில் என்ன நடக்கிறது என்று எங்கள் இருவருக்கும் ஒன்றும் தெரியாது.

ஆலங்காயத்தில் வெகுநேரம் காத்திருந்த பிறகுதான் பஸ் வந்தது. அதிலும் ஆளே இல்லை. கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "பொழுது சாயறப்போதான் திரும்ப வண்டி எடுப்போம், பாத்துக்குங்க," என்றார். வண்டியில் ஏதோ கோளாறு போல என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்த சந்தோஷத்தில் அவள் அதைக் காதில் வாங்கவே இல்லை.

வாணியம்பாடியில் இறங்கியதும் இரண்டு பேரும் அப்படியே நின்றுவிட்டோம்.

டீக்கடைப் பாய்லரில் நெருப்பு இல்லை. பெஞ்சுகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்திருந்தார்கள். குதிரை வண்டிகள் நிற்கிற இடத்தில் குதிரையும் இல்லை, வண்டியும் இல்லை. தோல் மண்டிகளின் பெரிய கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. தோல் வாடை மட்டும் வழக்கம்போல் வீசியது. கடைத்தெருவில் ஒரு நாய் நட்டநடுவில் படுத்திருந்தது. எங்களைப் பார்த்தது, எழுந்திருக்கவில்லை.

அவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "இதுவா டீச்சரு வாணியம்பாடி? எங்க ஊரு காடே இதைவிடச் சத்தமா இருக்குமே?"

எனக்குப் பயம் வரவில்லை. கலவரம் என்றால் போலீஸ் நிற்கும். பெரிய சாவு என்றால் கறுப்புக்கொடி இருக்கும். இது இரண்டும் இல்லை. என்னவென்று தெரிந்துகொள்ளாமல் திரும்பிப் போக எனக்கு மனசில்லை. வந்த வேலையையும் பார்த்தபடி விசாரிக்கலாம் என்று அவளை அழைத்துக்கொண்டு நடந்தேன்.

கண்ணாடிக் கடை பூட்டியிருந்தது. பன் கடையும் அப்படியே. அவள் பலகை இடுக்கில் மூக்கை வைத்து மோந்து பார்த்துவிட்டு, "வாசனை மட்டும் உள்ள கீது," என்றாள். தையல்காரர் கடையும் வீடும் ஒன்றுதான் என்பதால் கதவைத் தட்டினேன். ஜன்னல் ஒரு விரல் அகலம் திறந்தது.

"ரவிக்கை ஆயிடுச்சுங்க. ஆனா இப்ப குடுக்கறதுக்கில்ல. விட்டப்புறம் வாங்க."

"என்னது விட்டப்புறம்?" என்று நான் கேட்பதற்குள் ஜன்னல் சாத்திக்கொண்டது.

அடுத்த சந்தில் திறந்திருந்த ஒரு வாசல் வழியாகத் தாம்பாளம் ஒன்று தெரிந்தது. அதில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஓர் உலக்கையை நிறுத்தியிருந்தார்கள். யாரும் பிடிக்காமல் அது தானாக நின்றது. அவள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தெருவின் எதிர்ப்புறம் படார் என்று ஒரு கதவு திறந்தது.

"யா அல்லா! யம்மா, உனக்கு அறிவு கீதா? மாசமா கீற பொண்ணை இந்நேரத்துல தெருவுல நடக்க வுட்டுகினு வர்றியே! உள்ள வாங்க, உள்ள வாங்க!"

நாற்பது வயதிருக்கும் அந்த அம்மாவுக்கு. தலையில் துப்பட்டா. எங்கள் பதிலுக்குக் காத்திராமல் இறங்கி வந்து, அவள் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய்விட்டார். நானும் பின்னால் போனேன்.

"இன்னிக்கு சூரிய கிரகணம்மா. ரேடியோவுல அம்மாம் கத்து கத்தினான். உங்களுக்குத் தெரியாதா?"

எங்கள் ரேடியோவின் கதையைச் சொன்னேன். ஊர் ஏன் இப்படிக் கிடக்கிறது என்று அவரே விளக்கினார். கிரகணத்துக்கென்று மசூதியில் தனித் தொழுகை உண்டு. அவர் வீட்டுக்காரர், தெருவில் இருக்கிற மற்ற ஆண்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறார்கள். எதிர்வீட்டு உலக்கையும் கிரகணம் பார்க்க நிறுத்தியதுதான்.

என் தோழியின் முகம் வெளுத்துவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டாள். "பாம்பு புடிக்குதா? காலையிலேர்ந்து வெயில்லதானே நடந்தேன்."

"இன்னும் புடிக்கல. இனிமேத்தான். சரியான நேரத்துக்குத்தான் வந்து சேந்துகினே," என்று அந்த அம்மா அவளைப் பாயில் உட்கார வைத்தார். "கத்தி, அருவாமனை எதையும் தொடாதே. நகத்தால உடம்பைக் கீறிக்காதே. குழந்தைக்கு உதடு, காது பிளந்துகினு பொறக்கும்பாங்க. அவ்ளோதான்."

அவள் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நெளிய ஆரம்பித்தாள். முதுகு அரிக்கிறதாம். "டீச்சரு சொறியலாமா?" என்று கேட்டாள். அந்த அம்மா உண்மையிலேயே யோசித்தார். "டீச்சருக்கு வயித்துல ஒண்ணும் இல்லியே. சொறியட்டும்," என்றார். சொறிந்துவிட்டேன். மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

அவள் வெறும் வயிற்றோடு இருப்பது தெரிந்ததும் டீயும் பொறை ரொட்டியும் வந்தன. கிரகண வேளையில் சாப்பிடலாமா என்று அவள் தயங்கினாள். "எங்கள்ல அதுக்குத் தடை இல்ல. உள்ள கீற குழந்தைக்குப் பசிக்குமே, அதைச் சொல்லு," என்றார் அந்த அம்மா. அவள் பொறையை டீயில் நனைத்துத் தின்னத் தொடங்கினாள்.

வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. சாயங்காலத்து மங்கல் இல்லை அது. மஞ்சளும் இல்லை, சிவப்பும் இல்லை, யாரோ திரியை இறக்குவதுபோல. காற்றில் ஒரு குளிர்ச்சி. கோழிகள் கூண்டுக்குள் போய் அடைந்தன. பள்ளியில் பந்தையும் விளக்கையும் வைத்து கிரகணத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டியவள் நான். நிஜமானது தலைக்கு மேல் நடக்கும்போது பார்க்காமல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. மெல்ல எழுந்தேன். "கண்ணு போயிடும், உக்காரு," என்று அந்த அம்மா அதட்டினார். உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் சமையற்கட்டின் சுவரைப் பார்த்தேன். அதற்குத் தகரக் கூரை. பழைய ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் புகுந்து, சுண்ணாம்பு அடித்த சுவரில் எப்போதும் வட்ட வட்டமாக விழுமாம். இப்போது ஒன்றுகூட வட்டமாக இல்லை. சுவர் முழுக்க மெல்லிய பிறைகள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து.

"பொற!" என்று பிறைகளைக் காட்டிக் கத்தினார் அந்த அம்மா. "எம்மாம் பொற பாரு!"

என் தோழி கையிலிருந்த பொறையைப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். எழுந்து போய் ஒரு பிறைக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டினாள். அது அவள் கையில் விழுந்தது. பயம் எல்லாம் எங்கே போயிற்றோ, கையை முன்னும் பின்னும் நகர்த்தி அதைப் பெரிதாக்கினாள், சின்னதாக்கினாள். "சுடவே இல்ல டீச்சரு," என்றாள். வயிற்றில் மட்டும் அது படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். பிறைகள் மெல்ல மெல்லப் பருத்து மறுபடி வட்டமாகும்வரை நாங்கள் மூன்று பேரும் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை.

பிறகு ஊர் ஒரே சமயத்தில் விழித்தது. முதலில் தண்ணீர்ச் சத்தம். வீட்டுக்கு வீடு குடம் குடமாகத் தலையில் ஊற்றிக்கொண்டார்கள். அடிபம்புகள் முனகின. தொழுகை முடிந்து ஆண்கள் பேசியபடி வந்தார்கள். கடைப் பலகைகள் தடதடவென்று இறங்கின. அந்த அம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினோம். ரவிக்கையும் செல்லும் கிடைத்தன. பன் கடையில் அப்போதுதான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் குளித்துவிட்டு வருவதற்குள் பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அன்றிரவு ஆலங்காயத்தில் எனக்குத் தெரிந்த டீச்சர் வீட்டில் தங்கி, மறுநாள் மலையேறினோம்.

அவளுடைய மாமியார் எங்களை வாசலிலேயே நிறுத்தினார். மலையில் எல்லோரும் சூரியன் மங்கியதைப் பார்த்திருந்தார்கள். அவர் என்னிடம் பல நாள் பேசவில்லை. பேச வேண்டும் என்று நானும் போய் நிற்கவில்லை. அவர் பயம் எனக்குப் புரிந்தது.

பள்ளியில் பலா மரத்தடியில் வகுப்பு எடுக்கும்போது தரையைப் பார்த்தேன். இலை இடுக்குகள் எல்லாம் கோணல் மாணலாக இருந்தன. கீழே விழுந்த வெளிச்சம் மட்டும் வட்டம் வட்டமாக. தினமும் மிதித்து நடந்திருக்கிறேன், ஏன் என்று கேட்டதில்லை. அட்டையில் சதுரமாக, முக்கோணமாகச் சின்ன ஓட்டைகள் போட்டு வெயிலில் பிடித்தேன். தள்ளிப் பிடித்தால் எல்லாமே வட்டம்தான். அவை ஓட்டையின் உருவம் இல்லை, சூரியனின் உருவம் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிள்ளைகள் அட்டைக்காக அடித்துக்கொண்டார்கள்.

ஆனி மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நான் போனபோது மாமியார் குழந்தையைக் கதவோர வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து துணியை விலக்கி, உதட்டையும் காதையும் விரல்களையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நகர்ந்து இடம்விட்டார். நானும் குனிந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. குழந்தை வீறிட்டது.

உள்ளே படுத்திருந்தவள் கையை நீட்டினாள். "பாத்தது போதும். பசிக்குது அதுக்கு, இங்க குடுங்க."