மேடையில் அறிவித்த வேன்

பொங்கல் விழா மேடையில் எங்கள் முதலாளி சார் மைக்கைக் கையில் வாங்கியதுமே எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் ஒன்றுமில்லை, எனக்கு எதற்கெடுத்தாலும் பயம்தான். கடல் கடந்து வந்து நாங்கள் பிழைக்கும் ரிச்சர்ட்சன் ஊரில் ஒரு பள்ளிக்கூட அரங்கம். அப்போதுதான் அவருக்குப் பொன்னாடை போர்த்தி முடித்திருந்தார்கள். முன்வரிசை முழுக்க, பிள்ளைகளோடு இருக்க ஊரிலிருந்து வந்துவிட்ட பெரியவர்கள். அவர்களுக்காகப் பகல்நேர மையம் ஒன்றை நடத்தி வந்த அங்கிள் சற்று முன்புதான் பேசிவிட்டு இறங்கினார். இந்த ஊரில் கார் ஓட்டத் தெரியாவிட்டால் வீடே சிறைதான், பாதிப் பேருக்கு மையத்துக்கு வர வழியில்லை என்று அவர் சொன்னது சாரைக் கரைத்துவிட்டது. "வேன் நான் வாங்கித் தர்றேன். டிரைவர் சம்பளமும் என் பொறுப்பு" என்று அறிவித்துவிட்டார். அரங்கமே எழுந்து கைதட்டியது. நானும் கை சிவக்கத் தட்டினேன். என் பக்கத்தில் இருந்த எங்கள் ஆபீஸ் டைரக்டர் மேடம் மட்டும் தட்டிக்கொண்டிருந்த கைகளை நிறுத்தி மடியில் வைத்துக்கொண்டார்.

சார் மென்பொருள் கம்பெனி ஒன்றைத் தொடங்கி, வளர்த்து, விற்றவர். விற்று வந்த பணத்தில் பெரும்பங்கை ஒதுக்கி ஓர் அறக்கட்டளை அமைத்தார். அதை நடத்த அவர் கொண்டுவந்தவர் மேடம். நான் கரூர்ப் பக்கம், எட்டாவதோடு படிப்பை விட்டவள். என் கணவருக்கு இங்கே ஓட்டலில் சமையல் வேலை. கிரீன் கார்டு வந்தபின் நானும் வேலை தேடினேன். மேடம் என்னிடம் சர்டிபிகேட் கேட்கவில்லை. "பணம் கிடைக்காதவங்க கோபமா போன் பண்ணுவாங்க. திருப்பிக் கத்தாம கேட்டுப்பீங்களா?" என்றார். பயந்துகொண்டேதான் கேட்பேன் என்றேன். "பயந்தா பரவாயில்ல, கத்தாம இருந்தா சரி" என்று சிரித்தார். அன்றைக்கே வேலை கிடைத்துவிட்டது.

விழா முடிந்த திங்கட்கிழமை சார் போன் செய்து, அறக்கட்டளையிலிருந்து வேனுக்குச் செக் போட்டுவிடச் சொன்னார். மேடம் முடியாது என்றார். சார் தன் பெயரில் ஊரறியக் கொடுத்த வாக்கை அறக்கட்டளைப் பணத்தில் தீர்ப்பது சட்டப்படி தப்பு என்று எனக்கும் விளக்கினார். எனக்குப் புரிந்தது. ஆனால் அதற்குள் அங்கிள், சாரின் வார்த்தையை நம்பி வேனுக்கு ஆர்டர் கொடுத்திருந்தார். நாள் முழுக்க எனக்கு அதே போன்கள்தான். பக்கத்து ஊரான பிளேனோவிலிருந்து ஓர் ஆன்ட்டி, வேன் தன் வீட்டு வாசல்வரை வருமா, தெருமுனையில் நிற்குமா என்று விசாரித்தார். மருமகள் ஆபீஸ் போனால் திரும்பி வரும்வரை பேச ஆளில்லை என்றார். என்ன பதில் சொல்வது? விசாரித்துச் சொல்கிறேன் ஆன்ட்டி என்று போனை வைத்தேன். வேன் வராது என்று சொல்ல நேர்ந்தால் அதைச் சொல்லப்போவது நான்தான். மேடத்தை சார் அனுப்பிவிட்டால் என் கதி என்ன என்றும் நினைத்தேன். எட்டாவது படித்தவளுக்கு இன்னொரு மேடம் எங்கே கிடைப்பார்?

அந்த வாரக் கடைசியில் சாரே நேரில் வந்தார். எப்போதும் என்னிடம் காபி கேட்டுவிட்டு உள்ளே போகிறவர், அன்று கேட்கவில்லை. நானாகவே போட்டு எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்தேதான் இருந்தது.

"நான் போட்ட காசுதானே மேடம் அது?"

"போட்டீங்க சார். அதுக்கு டேக்ஸ் சலுகையும் வாங்கிட்டீங்க. அப்புறம் அது உங்க காசு இல்ல. நான் அதுக்குக் காவல், அவ்வளவுதான்."

"அவ்வளவு பேர் முன்னாடி சொல்லிட்டேன். இப்ப எப்படி ஊர் மூஞ்சில முழிப்பேன்?"

"உங்க சொந்த செக்புக்கை எடுங்க. மைக் பிடிச்ச கைதானே, பேனா பிடிக்காதா? அடுத்த வருஷச் செலவுக்கு அங்கிள் எல்லாரையும் மாதிரி நம்மகிட்ட அப்ளை பண்ணட்டும். போர்டு பாத்து முடிவு பண்ணும். அப்பவும் நீங்க அதுல ஓட்டுப் போடக்கூடாது."

சாரின் குரல் தணிந்தது. "நான் வேற ஆளை வச்சுக்கிட்டா?"

"தாராளமா. வர்றவங்களும் இதையேதான் சொல்லணும். சொல்லலன்னா, சார், அவங்களை மொதல்ல அனுப்பிடுங்க."

நான் காபியை மேஜையில் வைத்தேன். சார் எழுந்து என்னைத் தாண்டிப் போய்விட்டார். மேடம் அந்தக் காபியைத் தன் பக்கம் நகர்த்திக் குடித்துக்கொண்டே, அடுத்து யாருக்குப் போன் செய்யவேண்டும் என்று என்னிடம் கேட்டார். அன்று வீட்டுக்குப் போனதும், ஓட்டலில் பாத்திரம் கழுவவாவது ஆள் தேவையா என்று கணவரிடம் கேட்டு வைத்தேன். "உங்க மேடம் தைரியமா இருக்காங்க, நீ ஏன்டி சாவுற?" என்றார் அவர்.

மறுவாரம் மேடம் வெளியே போயிருந்த நேரத்தில் சார் வந்தார். அங்கிளிடம் சேர்க்கச் சொல்லி ஓர் உறையை என் மேஜைமேல் வைத்தார். அவருடைய சொந்தக் கணக்குச் செக். நான் எடுத்து வைத்தபிறகும் அவர் கிளம்பவில்லை. காலியாக இருந்த மேடத்தின் அறையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அதன்பிறகும் சில வருஷங்கள் வேலை பார்த்துவிட்டுத்தான் மேடம் ஓய்வு பெற்று சான் ரமோனில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அவர் நாற்காலியில் இப்போது வேறொருவர் இருக்கிறார். சாருக்கு வேண்டியவர்கள் என்று சொல்லிக்கொண்டு யாராவது குறுக்கு வழியில் பணம் கேட்டால், முறையாக அப்ளை பண்ணுங்க என்று இன்று நானே சொல்லிவிடுகிறேன். பயந்துகொண்டேதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மேடத்தைப் பார்த்து வந்த பழக்கம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. மீதி, சார் அன்று அந்த அறையைப் பார்த்தபடி, என்னைவிடப் பயந்தவராய், யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல என்னிடம் விசாரித்ததிலிருந்து வந்தது.

"ஏம்மா, அவங்க வேலையை விட்டுப் போறேன்னு ஏதாச்சும் சொன்னாங்களா?"